கோத்தகிரியில் வாங்கிய கெபெட்டா பலகை: மூன்று மாதம் ஆடிவிட்டு எழுதுகிறேன்

எத்தியோப்பியாவில் பல்லாங்குழி மாதிரி ஆடுகிற கெபெட்டாவுக்கான பலகை இது. விலை 1,450 ரூபாய். ஒரே துண்டு சில்வர் ஓக். கையில் தூக்கினால் கனம் தெரிகிறது. வரிசைக்கு ஆறு குழி, மூன்று வரிசை, ஆகப் பதினெட்டு. கூடவே ஒரு காடாத்துணிப் பை, அதற்குள் 54 கண்ணாடி மணிகள், நாலாக மடித்த விதிமுறைத் தாள். வாங்கி மூன்று மாதம் ஆகிறது. நான், மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், எண்பதை நெருங்கும் அம்மா என்று வீட்டில் நாலு பேரும் ஆடிவிட்டோம். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் இரண்டு மூன்று விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கடை கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு போகிற சாலையில் இருக்கிறது. பெயர்ப்பலகை சின்னது, கவனிக்காமல் தாண்டிவிடுவீர்கள். வாசலில் அடுக்கிக் காயவைத்திருக்கும் மரத்துண்டுகள்தான் அடையாளம். பின்கட்டில் கணவர் உளியும் இழைப்புளியுமாக வேலை செய்கிறார், முன்னால் மனைவி வியாபாரத்தைக் கவனிக்கிறார். பம்பரம், தாயக்கட்டை, நடைவண்டி, பல்லாங்குழி எல்லாம் வைத்திருக்கிறார்கள். மகளுக்குப் பம்பரம் வாங்கத்தான் போனேன். பல்லாங்குழிகளுக்கு நடுவில் இந்த மூன்று வரிசைப் பலகையைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

"அது ஆப்பிரிக்கப் பல்லாங்குழி சார். எத்தியோப்பியாவுல ஆடுவாங்களாம்" என்றார் அந்தப் பெண்.

"கெபெட்டா" என்றேன்.

அவருக்கு ஆச்சரியம். அந்தப் பெயரைச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லையாம். உள்ளே போய்க் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

2010 முதல் 2014 வரை நான் எத்தியோப்பியாவில் டெப்ரே பெர்ஹான் பல்கலைக்கழகத்தில் கணிதம் எடுத்தேன். இந்தியாவிலிருந்து அங்கே வாத்தியார் வேலைக்குப் போவது புதிதில்லை. ஹைலே செலாசி மன்னர் காலத்திலேயே பள்ளிக்கூடங்களுக்கு இங்கிருந்து ஆள் எடுத்தார்கள், கேரளத்திலிருந்து நிறையப் பேர் போனார்கள். நான் போன சமயத்தில் அங்கே புதிய பல்கலைக்கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டிருந்தன. டெப்ரே பெர்ஹான் அடிஸ் அபாபாவுக்கு வடகிழக்கே 130 கிலோமீட்டரில் இருக்கும் மலையூர். உயரம் கிட்டத்தட்ட 2,800 மீட்டர், நம் ஊட்டியே 2,240தான். போய் இறங்கிய முதல் நாள் சாயங்காலம் தெருவில் நடந்தபோது ஒரு புகை வாசனை வந்தது. தைல மரத்து இலையும் சுள்ளியும் எரிகிற வாசனை. கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவன் நான், அந்த வாசனையில்தான் என் அம்மா எங்களுக்குச் சோறு ஆக்கினார். வெள்ளைக்காரர்கள் 1840களில் நீலகிரிக்குக் கொண்டுவந்த தைல மரம், 1890களில் இரண்டாம் மெனலிக் மன்னர் காலத்தில் அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது. 'பாஹர் ஸாஃப்' என்கிறார்கள். கடல் தாண்டி வந்த மரம் என்று பொருள்.

சரி, பலகைக்கு வருகிறேன்.

மர வேலை அருமை. ஓரமெல்லாம் உருட்டி விட்டிருக்கிறார்கள், சின்னப் பிள்ளை கையைத் தேய்த்தாலும் சிராய் ஏறாது. வார்னிஷ் பூசாமல் எண்ணெய் மட்டும் தேய்த்திருப்பதால் மரத்தின் ரேகை அப்படியே தெரிகிறது. சில்வர் ஓக்கின் ரேகை வலைப்பின்னல் மாதிரி இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற மரத்துக்குள் இவ்வளவு அழகு இருக்கிறது என்பதை மரத்தை அறுத்துப் பார்த்தவர்கள்தான் அறிவார்கள். கோத்தகிரி மழைக்கும் ஈரத்துக்கும் மூன்று மாதத்தில் கோணவும் இல்லை, விரிசலும் விடவில்லை. நன்றாகக் காய்ந்த மரம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

முதல் குறை குழியின் ஆழம். என் கட்டைவிரலின் முதல் கணு அளவுக்குக்கூட இல்லை. தொடக்கத்தில் குழிக்கு மூன்று மணி போடும்போது ஒன்றும் தெரியாது. ஆட்டம் சூடு பிடித்து ஒரே குழியில் எட்டு, பத்து என்று சேரும்போது மேலே இருக்கும் மணி நழுவிப் பக்கத்துக் குழிக்குள் போய்விடுகிறது. அது யார் கணக்கு? எங்கள் வீட்டில் அதற்காகவே இரண்டு சண்டை நடந்தது.

இரண்டாவது குறை அந்தக் கண்ணாடி மணிகள். பார்க்க அழகுதான், நீலமும் பச்சையுமாக வெளிச்சத்தில் மின்னும். ஆனால் ஆடுவதற்கு ஆகாது. இந்த விளையாட்டில் கையில் அள்ளிய காய்களைக் குழிக்கு ஒன்றாக விட்டுக்கொண்டே போக வேண்டும். காய் விரலை விட்டு விழவும் வேண்டும், விழுந்த இடத்தில் நிற்கவும் வேண்டும். கண்ணாடி மணி விழுந்த வேகத்தில் துள்ளி வெளியே குதித்துவிடுகிறது. காலைக் குளிரில் ஒரு பிடி அள்ளினால் உள்ளங்கை சில்லிட்டுப் போகிறது. தாளில் 'நான்கு வயது முதல்' என்று போட்டிருக்கிறார்கள். நாலு வயதுப் பிள்ளை வாயில் போட்டு விழுங்கிவிடும் அளவில் அந்த மணிகள் இருக்கின்றன. இதை அவர்கள் கட்டாயம் மாற்ற வேண்டும்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு அம்மா எழுந்து போய்ப் புளி டப்பாவிலிருந்து கொட்டைகளைப் பொறுக்கிக் கழுவிக்கொண்டு வந்தார். "இத வச்சு ஆடுங்க. கண்ணாடிய வச்சு எவனாவது ஆடுவானா?" புளியங்கொட்டை தட்டையானது, உருளாது. விழும்போது டொக் என்று ஒரு சத்தம். ஆடுகிறவர் எண்ணுகிறாரோ இல்லையோ, கேட்கிறவர் அந்தச் சத்தத்திலேயே எண்ணிவிடலாம். அன்றிலிருந்து ஆட்டமே வேறு மாதிரி ஆகிவிட்டது.

இந்த விளையாட்டை நான் முதலில் பார்த்த இடத்தில் பலகையே கிடையாது. என் மாணவன் ஒருவன் அறுவடை சமயத்தில் அவன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேர நடை. வாற்கோதுமை அறுத்த தாள்காடு, கல்லால் கட்டிய வீடுகள், சுவரோரம் அடுக்கிய வரட்டி. வரட்டிக்கு அங்கே 'குபெத்' என்று பெயர். ஊருக்கு வெளியே சரிவில் செம்மறியும் மாடும் மேய்ந்துகொண்டிருந்தன. நாலு பையன்கள், ஏழு வயதிலிருந்து பதினோரு வயது இருக்கும். தரையில் குச்சியால் இரண்டு வரிசை தோண்டியிருந்தார்கள், வரிசைக்கு ஆறு. காய்களுக்குக் கூழாங்கல் போதாமல் காய்ந்த ஆட்டுப் புழுக்கையையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். குழிக்கு நாலு.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்று கவனித்தேன். ஆடிய இருவரும் எதிரெதிரே உட்காரவில்லை. நம் பல்லாங்குழியில் ஆளுக்கொரு பக்கம் உட்காருவோம் இல்லையா? அவர்கள் இருவரும் குழிகளுக்கு ஒரே பக்கமாக, தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். முகம் மேய்ச்சலைப் பார்த்து இருந்தது. கை குழியில் போகும், கண் நிமிர்ந்து மாட்டைப் பார்க்கும், திரும்பக் குழிக்கு வரும். நடுவில் ஒரு பசு அறுக்காத காட்டுப் பக்கம் திரும்பியது. சின்னவன் சட்டென்று எழுந்தான். ஓடுவதற்கு முன்னால் தன் மேய்ச்சல் கோலைக் குழிகளின் மேல் குறுக்கே வைத்தான். மற்றவன் கையை எடுத்துக்கொண்டான். கோல் கிடக்கும்வரை யாரும் தொடக் கூடாது. பசுவைத் திருப்பிக்கொண்டு மூச்சிரைக்க வந்து, கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விட்ட குழியிலிருந்து ஆடினான். எந்தக் குழி, கையில் எத்தனை காய் என்பது ஓடிய நேரம் முழுக்க அவன் தலையில் இருந்திருக்கிறது.

மாடு அடுத்தவன் காட்டில் வாய் வைத்துவிட்டால் வீட்டில் அடி விழும், அப்பா நஷ்டமும் கட்ட வேண்டியிருக்கும். அதனால் அந்த ஏழு வயதுக்காரனுக்கு அது விளையாட்டு வேலை இல்லை. ஆனாலும் அவன் விளையாடினான்.

நம் ஊரில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று சொல்லி எடுத்துக்கொள்வோம் என்று மாணவனிடம் சொல்லி அவர்களுக்குச் சொல்ல வைத்தேன். "லாம்?" என்று கேட்டு நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் பேசும் அம்ஹாரிக் மொழியில் பசுவுக்கு லாம் என்று பெயர். அப்புறம் நாலு சேரும்போதெல்லாம் என்னைப் பார்த்து "லாம்! லாம்!" என்று கத்தினார்கள்.

அந்த வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். ஐந்து வயதுப் பையன் கோழிக்குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வான், பக்கத்து வீட்டில் போய் நெருப்புக் கங்கு வாங்கி வருவான். ஏழு வயதில் கன்றும் செம்மறியும். பத்துப் பதினொன்றில் பெரிய மாடுகள். அதற்கு மேல் வளர்ந்தால் அப்பாவோடு ஏரைப் பிடிக்கலாம். ஐந்து வயதுக்காரன் வாசலில் களிமண்ணில் இரண்டு காளை செய்து, குச்சியை நுகமாக வைத்து, மண்ணைக் கீறி உழுதுகொண்டிருந்தான். வளர்ந்த பிறகு செய்யப்போகும் வேலைதான் இப்போது அவனுக்கு விளையாட்டு. கிறிஸ்துமஸ் அங்கே ஜனவரி 7ஆம் தேதி. அன்றைக்கு ஆடுகிற மட்டைப் பந்துக்கும் பண்டிகைக்கும் ஒரே பெயர், கெனா. நுனி வளைந்த கோல், மரப்பந்து. ஏசு பிறந்த சேதி கேட்டு இடையர்கள் மேய்ச்சல் கோலாலேயே பந்தடித்து ஆடினார்கள், அதிலிருந்து வந்தது என்பார்கள். "கெனா ஆட்டத்தில் எஜமான் கோபிக்கக் கூடாது" என்று ஒரு சொலவடையும் உண்டு. வருஷம் முழுக்க யாருடைய மாட்டை மேய்க்கிறார்களோ அவருடைய காலிலேயே அன்று கோல் பட்டாலும் அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் போக வழியில்லை. அவர்களுடைய விளையாட்டை நான் பார்த்தது தண்ணீர் எடுக்கும் இடத்தில். ஊற்றில் தண்ணீர் நூல் மாதிரி வரும். மஞ்சள் நிற ஜெரிகேன்கள் வரிசையில் நிற்கும், பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து கல்லை வைத்து ஆடுவார்கள். ஒன்றை மேலே எறிந்து, அது விழுவதற்குள் கீழே கிடப்பதை அள்ளி, விழுவதையும் அதே கையில் பிடிக்க வேண்டும். நம்முடைய அஞ்சாங்கல்லேதான். அங்கே 'கெலெல்போஷ்'. ஒருத்தி தம்பியை முதுகில் துணியால் கட்டிக்கொண்டே ஆடினாள். கல்லை மேலே எறிந்து நிமிரும்போதெல்லாம் முதுகில் இருந்த குழந்தையின் தலையும் அவளோடு சேர்ந்து மேலே பார்த்தது.

என் தங்கை லயத்துக் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அஞ்சாங்கல் ஆடிய அதே உட்கார்வு. ஒரு காலை மடக்கி, ஒரு முழங்காலை நிமிர்த்தி. அவள் முறை வருவதற்குள் ஒரு ஆட்டம் முடிந்துவிடும், தண்ணீர் மெதுவாக வந்த நாளில் இரண்டு. அம்மா கொழுந்தெடுக்கப் போய்விடுவார், வீட்டு வேலை எங்கள் இருவர் தலையில். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தைல மரக் காட்டில் சுள்ளி பொறுக்க வேண்டியது என் வேலை. பழைய லாரி பேரிங்குகளை வைத்து நாங்கள் பையன்கள் ஒரு வண்டி செய்திருந்தோம். மூன்று பேரிங், ஒரு பலகை, திருப்புவதற்கு ஒரு கயிறு. சுள்ளிக் கட்டை அதில் ஏற்றி, கட்டின் மேல் ஒருவன் உட்கார்ந்து, எஸ்டேட் ரோட்டில் கடகடவென்று இறங்கி வருவோம். விறகு சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடும், எங்களுக்கு விளையாடவும் ஆயிற்று. அதை வேலை என்று சொல்வதா, விளையாட்டு என்று சொல்வதா?

இதே கேள்வி எத்தியோப்பியாவில் ஒரு வகுப்பறையிலேயே எழுந்தது. எங்கள் துறையில் புள்ளியியல் எடுத்த நண்பர், யங் லைவ்ஸ் ஆய்வின் தரவை வகுப்பில் பயன்படுத்துவார். எத்தியோப்பியா, இந்தியா, பெரு, வியட்நாம் என்று நாலு நாட்டில் 12,000 பிள்ளைகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து வரும் ஆய்வு அது. இந்தியாவில் ஆந்திரா, தெலங்கானாப் பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தூக்கம், பள்ளி, வீட்டு வேலை, காட்டு வேலை, விளையாட்டு என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பதிந்திருப்பார்கள். மேய்ச்சலில் வளர்ந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், மாடு மேய்த்துக்கொண்டே கெபெட்டா ஆடிய நேரத்தை எந்தக் கட்டத்தில் போடுவது?" வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எல்லாரும் மேய்த்தவர்கள். நண்பர் வெகு நேரம் யோசித்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்.

பலகையோடு வருகிற விதிமுறைத் தாளில் எனக்கு இருக்கும் வருத்தமே இதுதான். மேலே 'எத்தியோப்பிய அரண்மனைகளின் ராஜ விளையாட்டு' என்று தலைப்பு. கீழே மரத்தடியில் இரண்டு பிள்ளைகள் நடுவில் பலகையை வைத்துச் சிரிக்கும் படம். 'குழந்தைகள் பொழுதைப் போக்க' என்று ஒரு வரி. அரண்மனையிலும் ஆடியிருப்பார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். மிகப் பழைய விளையாட்டு இது. எரித்திரியாவில் மட்டாராவிலும் எத்தியோப்பியாவில் யேஹாவிலும் பழைய ஆக்சும் அரசின் காலத்துக் குழி வரிசைகள் கல்லில் கிடைத்திருக்கின்றன, 6, 7ஆம் நூற்றாண்டு என்று கணித்திருக்கிறார்கள். இந்த மாதிரி ஆட்டம் உலகத்தில் பல இடத்தில் உண்டு. ஆனால் மூன்று வரிசைக் குழி என்பது எத்தியோப்பியா, எரித்திரியா இருக்கும் ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதிக்கே உரியது. 1956இல் அடிஸ் அபாபாவுக்குப் போய் அங்கேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் பங்க்ஹர்ஸ்ட், ஊருக்கு ஊர் மாறும் இதன் வகைகளை உட்கார்ந்து தொகுத்திருக்கிறார். தாளில் இவையெல்லாம் இல்லாவிட்டால் போகட்டும். இதை இத்தனை காலம் கையில் வைத்துக் காப்பாற்றிய மேய்ச்சல் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரியாவது வேண்டாமா? மாடு ஓடினால் பாதியில் விட்டுவிட்டுப் போகலாம், திரும்பி வந்து தொடரலாம். காசு வேண்டாம், பலகை வேண்டாம், மண்ணும் புழுக்கையும் போதும். வேலைக்கு நடுவில் ஆடுவதற்கு இதைவிடத் தோதான விளையாட்டு ஏது?

பிள்ளைகள் வேலை செய்வது நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பகுதிப் பள்ளிகள் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று இரண்டாகப் பிரித்து நடந்தன. அண்ணன் காலையிலும் தம்பி மதியத்திலும் படித்தால் மாட்டோடு எப்போதும் ஒருவன் இருக்கலாம் என்று வீடுகளில் ஏற்பாடு. அறுவடை வந்தால் அந்த ஏற்பாடும் குலைந்து, இருவரும் காட்டில் இருப்பார்கள். என்னைக் கூட்டிப்போன மாணவன் மற்றவர்களைவிட நாலு வயது மூத்தவன். அந்த நாலு வருஷமும் மாட்டுக்குப் பின்னால் போனது. எத்தியோப்பியா 2019இல் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத்தில் வேலைக்கு எடுக்கும் குறைந்த வயது 15. நம் நாட்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தின்படி 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது, பள்ளி நேரம் போகக் குடும்ப வேலையில் உதவலாம். இரண்டு சட்டமும் வேண்டியவைதான். ஆனால் சொந்த வீட்டு மாட்டுக்குப் பின்னால் போகிற பையனைச் சட்டம் எட்டிப் பிடிப்பது கஷ்டம். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருப்பதும், தண்ணீர் வீட்டுக்குப் பக்கத்தில் வருவதும்தான் அவனுக்கும் அவன் அக்காவுக்கும் நேரத்தைத் திருப்பித் தரும். எங்கள் லயத்துக்கு இரண்டாவது குழாய் போட்ட வருஷம் என் தங்கை வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வந்தாள்.

விதிகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மூன்று வரிசையில் சுற்றும்போது நடு வரிசையில் எந்தப் பக்கம் போவது என்று தாளில் தெளிவாக இல்லை. அம்புக்குறி போட்ட படத்தில் நடு வரிசை அம்பையே காணோம். நாங்கள் பல விதமாக ஆடிப் பார்த்துவிட்டு, கடைசியில் நடு வரிசையை விட்டுவிட்டு இரண்டு வரிசையில் குழிக்கு நாலாக, நான் பார்த்த பிள்ளைகள் ஆடிய முறைக்கே வந்துவிட்டோம். 48 காய் ஆகும், ஆறு மிஞ்சும்.

பல்லாங்குழி தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் ஆட்டத்தில் கையில் இருந்த கடைசிக் காயை விட்டதும், அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடருவோம். கெபெட்டாவில் கடைசிக் காய் விழுந்த குழியையே, அந்தக் காயோடு சேர்த்து அள்ள வேண்டும். வெறும் குழியில் விழுந்தால் கை நின்றுவிடும். கேட்க லேசாக இருக்கிறது. எழுபது வருஷப் பழக்கம் உள்ள கைக்கு அது லேசில்லை. அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கே லயத்து வாசலில் குழி தோண்டி ஆடியவர். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்தின்படி குடும்பத்தோடு இங்கே வந்தபோதும் அந்தக் கையைக் கொண்டுவந்துவிட்டார். கடைசிக் கொட்டை விழும், கை தானாக அடுத்த குழிக்குப் போகும்.

"அப்பாயி, அது இல்ல, விழுந்த குழி!" என்பாள் மகள்.

"இருடி. கைக்குத் தெரியாதுல்ல."

நடுவில் நாலு சேர்ந்துவிட்டால் விதியாவது ஒன்றாவது, "பசு!" என்று எடுத்து மடியில் போட்டுக்கொள்வார். மகள் என்னைப் பார்ப்பாள். நான் தலையாட்டிவிடுவேன். எங்கள் வீட்டு கெபெட்டாவில் பசு உண்டு என்று முடிவாகிவிட்டது.

அந்தப் பையன் கோலைக் குறுக்கே வைத்த கதையை மகளிடம் ஒருநாள் சொன்னேன். அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஆட்டத்துக்கு நடுவில் குக்கர் விசில் அடித்தது. அம்மா தன் ஊன்றுகோலைப் பலகையின் மேல் குறுக்கே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

கடைக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் கழித்துப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் ஆழம் பற்றாததைச் சொன்னேன். பலகை செய்த அந்தத் தம்பி மறுப்பே சொல்லவில்லை. பத்துப் புளியங்கொட்டையைக் குழியில் போட்டுப் பார்த்தார், நழுவியதைப் பார்த்தார். "ரெண்டு நாள் குடுங்க சார்" என்றார். மூன்றாம் நாள் பதினெட்டுக் குழியும் ஆழமாகி, திரும்பவும் மணல்தாள் போட்டு, எண்ணெய் தேய்த்துத் தயாராக இருந்தது. காசு வாங்கவில்லை. டீ வேறு கொடுத்தார்கள். கெனா கோலைப் பற்றிச் சொன்னபோது, நுனி எவ்வளவு வளைவு, பந்து எவ்வளவு பெரியது என்று அவர் தரையில் சாக்கட்டியால் வரைந்து வரைந்து கேட்டார். தாளுக்காக நான் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேய்ச்சல் பிள்ளைகள் தரையில் குழி தோண்டி ஆடுவது, கோலைக் குறுக்கே வைப்பது, இரண்டு வரிசை விதி, எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த முறை அச்சடிக்கும்போது சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் போனபோது பழைய தாள்கட்டு இன்னும் தீரவில்லை. மணியும் அதே கண்ணாடி மணிதான்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள், அடுக்கில் இருப்பதை அப்படியே எடுத்துவராமல் குழியில் விரலை விட்டுப் பாருங்கள். ஆழம் குறைவாகத் தெரிந்தால் சொல்லுங்கள், செய்து கொடுப்பார். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மணிப் பையைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோத்தகிரி உயரத்தில் புளியமரம் கிடையாது, மேட்டுப்பாளையத்துப் புளி வாங்கும்போது கொட்டை எடுக்காத புளியாகக் கேட்டு வாங்குங்கள், ஒரு கிலோவில் ஒரு பலகைக்கு வேண்டியது தாராளமாகக் கிடைக்கும்.